வீவர் கூட்டில் குயில் முட்டை: டர்பனில் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

குயில் என்றாலே நமக்குக் காக்கைக் கூடுதான் நினைவுக்கு வரும். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் காக்கை உண்டு. 1970களில் கப்பல் வழியாக வந்து இறங்கிய அதே சாம்பல் கழுத்துக் காக்கை. ஆனால் அதன் கூட்டில் முட்டையிடும் கருங்குயில் இங்கே இல்லை. அதனால் நம் ஊரில் குயிலாட்டம் நடக்காது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது தவறு. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், இசிப்பிங்கோ எங்கும் கொல்லையில் நிற்கும் பனைவகை மரத்தின் ஓலையைக் கிழித்துக் கூடு கட்டுகிற மஞ்சள் வீவர் குருவிகளின் தலைக்கு மேலேயே அது ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது. வீவர் நம் தூக்கணாங்குருவியின் சொந்தம். அதை ஏமாற்றி அதன் கூட்டில் தன் முட்டையை வைத்துவிட்டுப் போக வருவது டீடெரிக் குயில்.

இந்தப் போட்டியைப் பார்க்க விரும்புபவர் முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: குயிலைத் துரத்தாதீர்கள், கூட்டுக்காரரைக் கவனியுங்கள். குயில் சில நொடி மட்டும் வந்துபோகும். அதன் வருகையால் வீவரின் வாழ்க்கை எப்படி மாறியிருக்கிறது என்பது நாள் முழுக்கக் கண்முன்னே கிடக்கும்.

எப்போது, எதைக் கொண்டு

நம் கணக்கில் சொன்னால் புரட்டாசியில் தொடங்கி தைப்பூசக் காவடி வரை. செப்டம்பரில் வீவர் ஆண்கள் கட்டத் தொடங்கும். டீடெரிக் வடக்கேயிருந்து செப்டம்பர், அக்டோபரில் வந்துசேரும். மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும். அக்டோபர் முதல் ஜனவரி வரைதான் வேலை மும்முரம். டிசம்பரில் டர்பனில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுவதால் ஐந்திலிருந்து எட்டு வரை உட்கார்ந்தால் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம்.

8×42 பைனாகுலர் ஒன்று போதும். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கம் கூடும், பார்வைப் பரப்பு குறையும். கூட்டங்கூட்டமாகப் பறக்கும் வீவர்களிடையே அது தொல்லை. ஒரு மடக்கு நாற்காலி, கடினமான அட்டை வைத்த நோட்டு, பென்சில், படமெடுக்க போன். இடம் தேடி அலைய வேண்டாம். உங்கள் தெருவிலேயே இருபது முப்பது கூடு தொங்கும் மரம் இருந்தால் அதுதான் நல்ல இடம். இல்லாவிட்டால் சாட்ஸ்வொர்த்தில் சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகம், வடக்கே உம்கேனி ஆற்றோரம். தனியாகப் போகாதீர்கள், இருவராவது போங்கள்.

மரத்தடியில் நேராக உட்காரக் கூடாது. இருபது மீட்டராவது தள்ளி, வெயில் முதுகில் படும்படி உட்காருங்கள். கிட்டப் போனால் பெண் வீவர்கள் கூட்டுக்குள் நுழையத் தயங்கும். அந்த நேரம் முட்டை ஆறும். இன்னொரு காரணமும் உண்டு: வீவர் கூட்டைத் தேடி பூம்ஸ்லாங் பாம்பு வரும். அதன் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுப்பது. கடலோரப் புதர்களில் பச்சை மாம்பாவும் உண்டு. கூட்டமே ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தினால் கிளைகளைப் பைனாகுலரால் பாருங்கள், கையால் விலக்காதீர்கள்.

முதல் இரண்டு வாரம்: வீவரை மட்டும்

டர்பன் பக்கம் பல வகை வீவர்கள் உள்ளன. நமக்கு வேண்டியது கிராமத்து வீவர். ஆணின் முகமும் தொண்டையும் கறுப்பு, உச்சந்தலை மஞ்சள், கண் சிவப்பு. முதுகைப் பாருங்கள்: மஞ்சளும் கறுப்பும் புள்ளிபுள்ளியாக இருந்தால் இதுதான். முதுகு ஒரே பச்சைமஞ்சளாக இருந்தால் அது தென்னக முகமூடி வீவர். அதன் கூட்டிலும் டீடெரிக் முட்டையிடும், ஆனால் குறிப்பைத் தனியாக வையுங்கள்.

மரத்தை ஒரே இடத்திலிருந்து படமெடுத்து, அச்சிட்டு, ஒவ்வொரு கூட்டுக்கும் எண் போடுங்கள். முப்பது கூட்டையும் பின்தொடர முயல வேண்டாம், குழம்பிவிடும். தெளிவாகத் தெரியும் எட்டு கூடு போதும். வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம்.

கூட்டுக்குள் பார்க்காமலேயே உள்ளே நடப்பதைச் சொல்லிவிட முடியும். பச்சையாக இருந்தால் புதிதாக முடைந்தது. ஆண் அதன் அடியில் தொங்கிச் சிறகடித்தால் பெண்ணை அழைக்கிறது. பெண் மென்மையான புல்பூ, இறகு என்று எடுத்து உள்ளே போனால் கூடு பிடித்துப்போயிற்று. ஒன்றிரண்டு நாளில் முட்டை வரும். அந்தத் தேதியை வட்டமிடுங்கள். இரண்டு மூன்று முட்டை, ஏறக்குறைய 12 நாள் அடை, பிறகு மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவாகக் குஞ்சு வளர்ப்பு. பெண் அடிக்கடி புழுவோடு வரத் தொடங்கினால் பொரித்துவிட்டது. எந்தப் பெண்ணும் ஏற்காத கூட்டை ஆணே பிய்த்துப் போட்டுவிடும். இதைக் குயிலின் சேட்டை என்று எழுதிவைப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு.

பிறகு குயில், காதால்

டீடெரிக்கின் பெயரே அதன் குரல்: டீ, டீ, டீ, டீ-டெ-ரிக். புலம்பல்போல் ஏறி முடியும். கத்துவது ஆண். முதுகு பச்சை மினுக்கம், இறக்கையில் வெள்ளைப் புள்ளிகள், கண்ணைச் சுற்றிச் சிவப்பு. இதேபோல் பச்சையாக, ஆனால் இறக்கையில் வெள்ளைப் புள்ளி இல்லாமல், கண்ணுக்குப் பின்னால் மட்டும் சிறு வெள்ளைத் தீற்றலோடு இருந்தால் அது கிளாஸ் குயில். அது வீவரிடம் வராது. தேன்சிட்டு போன்ற சிறு குருவிகளின் கூட்டைத் தேடும்.

கத்தும் ஆணையே பார்த்துக்கொண்டிருந்தால் காலை முழுக்க ஒன்றும் நடக்காது. பெண்தான் முக்கியம். மேலே பச்சையைவிடச் செம்பு நிறம் தூக்கலாக, சத்தமே இல்லாமல், கூட்டங்களைப் பார்த்தபடி ஒரு கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். வீவர்கள் அதைக் கண்டுகொண்டால் விரட்டும். இரண்டு மூன்று ஆண்கள் சேர்ந்தே துரத்தும். விரட்டல் எத்தனை முறை, எந்த எண் கூட்டருகே என்று எழுதுங்கள். கூட்டுக்காரரின் முதல் அரண் அதுதான்.

முட்டையிடும் கணத்தைப் பார்ப்பது பேறு. வீவர் கூட்டின் வாசல் அடியில். பெண் குயில் கீழிருந்து ஏறி, தொற்றி, தலையை உள்ளே விட்டு நுழையும். வெளியே வரும்போது அலகில் பெரும்பாலும் ஒரு முட்டை இருக்கும்: வீவருடையது. ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை வைத்தாயிற்று. எண்ணிப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் நேரத்தை நொடியோடு எழுதுங்கள். பிறகு அந்தக் கூட்டின் சொந்தக்காரி திரும்பி வந்து என்ன செய்கிறாள் என்பதை அரை மணி நேரம் விடாமல் பாருங்கள்.

முட்டை என்ற கையெழுத்து

ஒரு மரத்தில் பத்துப் பெண் வீவர்கள் இருந்தால் பத்து வகை முட்டை இருக்கலாம். ஒருத்தியுடையது வெறும் வெள்ளை. அடுத்தவளுடையது நீலம், புள்ளியே இல்லை. இன்னொருத்தியுடையது பச்சைநீலத்தின் மேல் பழுப்புத் தெறிப்பு. ஆனால் ஒருத்தி இடும் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும், ஆயுள் முழுக்க அதே சாயல். வாசல் கோலத்தைப் பார்த்து இன்னார் வீடு என்று சொல்கிற மாதிரி.

இந்த இரண்டு குணமும் சேர்ந்தால்தான் அரண். ஆளுக்கு ஆள் வேறுபாடு இருப்பதால் குயில் எதைப் பார்த்துப் போலி செய்வது என்று திண்டாடும்: ஒரு பெண் குயில் தன் வாழ்நாளில் இடுவது ஒரே வகை முட்டைதான். ஒருத்தியின் முட்டைகளுக்குள் ஒற்றுமை இருப்பதால் வேற்று முட்டை கண்ணில் உறுத்தும். வீவர் அதைத் தூக்கி எறிந்துவிடும். குயிலும் சும்மா இல்லை. டீடெரிக் முட்டைகளிலும் வெள்ளை, நீலம், புள்ளியுள்ளது, இல்லாதது என்று வகைகள் உருவாகியிருக்கின்றன. நன்றாகப் பொருந்திய போலி தப்பிக்கும், அந்தக் குயிலின் வழி தழைக்கும். கூர்ந்து பார்க்கிற வீவருக்கும், அரிய கையெழுத்துப் போடுகிற வீவருக்கும் அதிகக் குஞ்சு. இப்படியே தலைமுறை தலைமுறையாக இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகின்றன.

இது எவ்வளவு உண்மை என்பதற்கு மொரிஷியஸ் சாட்சி. இதே கிராமத்து வீவரை 1886 வாக்கில் தென்னாப்பிரிக்காவிலிருந்து அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அங்கே டீடெரிக் கிடையாது. கரீபியனில் உள்ள இஸ்பானியோலா தீவுக்கு இருநூறு ஆண்டுக்கும் முன்பே இது போய்ச்சேர்ந்தது. அங்கும் டீடெரிக் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் லாட்டி இரண்டு தீவின் முட்டைகளையும் ஆப்பிரிக்க முட்டைகளோடு அளந்து ஒப்பிட்டு 2005இல் வெளியிட்டார். தீவுகளில் பறவைக்குப் பறவை வேறுபாடு குறைந்துவிட்டது. ஒரே கூட்டின் முட்டைகளுக்குள் வேறுபாடு கூடிவிட்டது. ஏமாற்ற ஆளில்லாத ஊரில் கையெழுத்தைத் திருத்தமாகப் போட எந்தக் கட்டாயமும் இல்லை. நூற்றுச் சொச்சம் ஆண்டில் இது நடந்திருக்கிறது என்பதுதான் வியப்பு. பரிணாமம் என்றால் லட்சம் ஆண்டு என்று பழகிய மனத்துக்கு, நம் பாட்டன்மார் கரும்புத் தோட்டத்தில் இருந்த காலத்துக்குள் ஒரு முட்டையின் தோற்றம் மாறியிருக்கிறது என்பது எளிதில் ஏறாது. மொரிஷியஸில் உறவினர் இருந்தால் அங்குள்ள வீவர் கூட்டங்களையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

முட்டையைப் பார்க்கும் ஆசையில் கூட்டுக்குள் கைவிடுவதோ, கம்பில் கண்ணாடி கட்டி எட்டிப் பார்ப்பதோ வேண்டாம். அனுமதியில்லாமல் காட்டுப் பறவையின் கூட்டையும் முட்டையையும் தொடுவது இந்த மாகாணத்தில் குற்றம். அனுமதி தரும் அமைப்பு எசெம்வெலோ. அதற்குப் பதில் மரத்தடியைப் பாருங்கள். விழுந்த ஓடுகளில் கூட்டத்தின் கையெழுத்துகள் பலவும் கிடக்கும். ஒரு ரூலரைப் பக்கத்தில் வைத்து, நிழலில், மேலிருந்து நேராகப் படமெடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். உட்புறம் உலர்ந்து, இரண்டாகப் பிளந்த ஓடு பெரும்பாலும் பொரித்தபின் தாய் வெளியேற்றியது. கருவோ மஞ்சளோ ஒட்டியிருந்தால் பொரிக்குமுன் விழுந்தது. ஆனால் அது எறியப்பட்ட முட்டை என்று உடனே முடிவுகட்டக் கூடாது. வெர்வெட் குரங்கு கூட்டைப் பிய்க்கும். மஞ்சள் முகமும் நீண்ட காலும் உள்ள ஹாரியர் ஹாக் கழுகு கூட்டில் தலைகீழாகத் தொங்கிக் காலை உள்ளே விட்டுத் துழாவும். முந்தைய நாள் காற்று பலமாக அடித்திருக்கலாம். கூடு முழுசாக இருந்து, அதன் நேர் கீழே ஒரே ஒரு உடைந்த முட்டை, அதுவும் அதே கூட்டிலிருந்து பிறகு விழும் ஓடுகளோடு பொருந்தாத நிறத்தில் இருந்தால் மட்டும் 'எறிந்திருக்கலாம்' என்று எழுதுங்கள்.

வீட்டுக்குள் ஒரு பயிற்சி

மழைநாளில் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம். ஆறு பேர் கூட்டுக்காரர், ஒருவர் குயில். வெள்ளைத் தாளில் ஐந்து சென்டிமீட்டர் நீள முட்டை வடிவம், ஆளுக்கு மூன்று. நிறம் நான்கு: வெள்ளை, இளஞ்சிவப்பு, நீலம், பச்சை. புள்ளி மூன்று வகை: இல்லை, பொடி, பெரிது. ஆக மொத்தம் 12 சேர்க்கை. ஒவ்வொருவரும் ஒரு சேர்க்கையைத் தேர்ந்து மூன்றையும் ஒன்றுபோல் வரைந்து, கிண்ணத்தில் மூடி, வலப்பக்கத்தவரிடம் தர வேண்டும். வாங்கியவர் திறந்து பார்க்கக் கூடாது. குயில் தனக்கு ஒரே ஒரு சேர்க்கையை முடிவுசெய்து ஆறு முட்டை வரைந்துகொண்டு, எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது ஒவ்வொரு கிண்ணத்திலும் பார்க்காமல் ஒன்றை எடுத்து ஒன்றை வைக்கட்டும். பிறகு கூட்டுக்காரருக்கு மங்கிய வெளிச்சத்தில் ஐந்து நொடி. சந்தேகப்படும் ஒன்றை எறிய வேண்டும். மூன்றும் ஒன்றுபோல் பட்டால் எறியாமல் விடலாம்.

முதல் சுற்றில் குயில் திணறும்: 12இல் ஒன்று பொருந்தினால்தான் தப்பிக்கும். இரண்டாம் சுற்றில் எல்லாரும் வெள்ளையும் பொடிப்புள்ளியும் மட்டும் வரையட்டும். குயிலும் அதையே வரையட்டும். ஒரு முட்டையும் பிடிபடாது. மூன்றாம் சுற்றில் ஆளுக்கு மூன்று முட்டையும் மூன்று விதமாக. கூட்டுக்காரர் அவசரத்தில் தன் முட்டையையே எறிந்துவிடுவார். தன்னுடையதை எறியும் அபாயம் இருப்பதால்தான் எல்லாப் பறவையும் கண்மூடித்தனமாக எறிவதில்லை என்பது அப்போது பிள்ளைகளுக்கே விளங்கும்.

குஞ்சு பொரித்த பின்

டீடெரிக் முட்டை 10 முதல் 12 நாளில் பொரியும், பெரும்பாலும் வீவர் குஞ்சுக்கு முந்தியே. இறகில்லாத, கண் திறக்காத அந்தக் குஞ்சு முதல் சில நாட்களுக்குள் பக்கத்திலிருக்கும் முட்டையையோ குஞ்சையோ முதுகால் நெம்பி வாசல்வரை தள்ளி வெளியே போட்டுவிடும். வீவர் கூட்டில் வாசல் அடியில் என்பதால் விழுந்தது திரும்பாது. அடியில் ஒரு நாள்குஞ்சு கிடந்தால் அதற்கு நேர் மேலுள்ள கூட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த மூன்று வாரம் அந்தக் கூட்டை மட்டும் பாருங்கள்.

குயில் குஞ்சு பெரிதாக இருக்கும், சின்னக் குருவி தோளேறி ஊட்டும் என்று படங்களில் பார்த்த நினைவோடு வருவார்கள். இங்கே அப்படியிராது. டீடெரிக்கும் வீவரும் எடையில் ஏறக்குறைய ஒன்று. அலகைப் பாருங்கள்: பவளச் சிவப்பு, மெல்லியது. வீவர் குஞ்சுக்கு வெளிறிய தடித்த கூம்பலகு. கூட்டைவிட்ட பிறகும் வளர்ப்புத்தாய் பல நாள் அதற்கு ஊட்டுவாள். அந்தச் சமயத்தில்தான் படம் எளிதாகக் கிடைக்கும். இதிலும் ஒரு பிழை நேரும். ஆண் டீடெரிக் தன் இணைக்குக் கம்பளிப்புழு ஊட்டும் வழக்கம் உண்டு. அதைப் பார்த்துவிட்டு 'குயில் தன் குஞ்சைத் தானே வளர்க்கிறது' என்று எழுதிவிடுவார்கள். வாங்கிக்கொள்வதன் அலகு சிவப்பா என்று பார்த்தால் தெளிந்துவிடும்.

குயில் குஞ்சை எடுத்துவிட்டு வீவரைக் காப்பாற்றலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். கேட்பது இரக்கத்தால்; ஆனால் கூடவே கூடாது. டீடெரிக் இந்த மண்ணின் பறவை, வீவருக்கு அது புதிய பகை அல்ல. ஒரு பருவத்தில் வீவர் பல முறை கூடு கட்டும், இழப்பைத் தாங்கும். மொரிஷியஸ் முட்டைகளை நினைத்துப் பாருங்கள்: வீவரின் அந்த அழகான கையெழுத்துகளைக் கூர்தீட்டி வைத்திருப்பதே இந்தக் குயில்தான்.

மற்ற ஜோடிகள்

வீவர் பழகியபின் தோட்டத்திலேயே இன்னும் சில உண்டு. தானியத் தட்டில் மற்ற குருவிகளை அண்டவிடாமல் விரட்டும், கறுப்பு வெள்ளை உடலும் சிவப்பு அலகும் நீண்ட வாலுமுள்ள பறவை ஊசிவால் விடா. அதன் பெண் சாதாரண வாக்ஸ்பில் என்ற சிறு குருவியின் கூட்டில் முட்டையிடும். முட்டை இரண்டுக்கும் வெள்ளை. போலி அங்கே இல்லை, குஞ்சின் வாய்க்குள் இருக்கிறது. வாயைத் திறந்தால் அண்ணத்தில் வாக்ஸ்பில் குஞ்சுக்கு இருப்பதுபோன்ற புள்ளிக்கோலம். விடா குஞ்சு யாரையும் தள்ளாது, கூடப்பிறவாதவர்களோடு சேர்ந்தே வளரும்.

மார்புச் சிவப்புக் குயிலைப் பார்ப்பதைவிடக் கேட்பது எளிது. ஆப்பிரிக்கான்ஸில் பீட்-மை-ஃப்ரோ, ஜூலு மக்கள் அதை உபேசுகொம்கோனோ என்பார்கள், அது கூவினால் மண்வெட்டியைத் தோளில் போடும் காலம். கேப் ராபின் கூட்டைத் தேடும். இந்த ஜோடியில்தான் சின்னத் தாய், பெரிய குஞ்சு என்ற காட்சி கிடைக்கும்.

நம் ஊர்க்காரர் மனத்துக்கு நெருங்கியது சுடலைக்குயில். இந்தியாவில் தவிட்டுக்குருவியின் நீல முட்டைக்கு ஏற்ப அது நீல முட்டை இடுகிறது. தென்னாப்பிரிக்காவில் கொண்டைக்குருவிகளின் புள்ளிமுட்டைகளுக்கு நடுவே பெரிய வெறும் வெள்ளை முட்டையை வைத்துவிட்டுப் போகிறது, கொண்டைக்குருவி அதை எறிவதும் இல்லை. அந்த முட்டை அதன் அலகுக்கு மிகப் பெரிது. எல்லாப் போட்டியும் போலியில்தான் முடியும் என்று நினைக்காமலிருக்க இந்த ஒரு ஜோடியே போதும்.

தேன்காட்டிப் பறவைகளைப் புதியவர்கள் கூட்டோடு தேட வேண்டாம். அவையும் பிறர் கூட்டில் முட்டையிடுபவைதான், ஆனால் எல்லாம் பொந்துக்குள் நடப்பதால் ஒன்றும் தெரியாது. பெரிய தேன்காட்டியின் குஞ்சு அலகு நுனியில் கொக்கிகளோடு பிறந்து, இருட்டில் கூட்டுக்காரரின் குஞ்சுகளைக் கடித்தே கொல்கிறது. ஸாம்பியாவில் பஞ்சுருட்டான் பொந்துகளுக்குள் அகச்சிவப்புக் கேமரா வைத்துப் பதிவுசெய்த பிறகே அது எப்படி நடக்கிறது என்பது விளங்கியது.

குறிப்பை எங்கே கொடுப்பது

வீவர் மரத்தின் படத்தையும் கூடுகளின் எண்ணிக்கையையும் விர்ச்சுவல் மியூசியம் என்ற இணையப் படத்தொகுப்பில் வீவர் கூடுகளுக்கென்றே உள்ள பிரிவில் ஏற்றலாம். கூடுகளை எண்ணும்போது பச்சை, பழுப்பு, பாதியில் விட்டது என்று பிரித்துச் சொல்லுங்கள். மொத்தப் பட்டியல் எடுக்க விரும்பினால் பேர்ட்லேசர் செயலி வழியாக சபாப் 2 பறவை வரைபடத் திட்டத்தில் சேருங்கள். நாட்டை அட்சரேகை, தீர்க்கரேகையில் ஐந்து நிமிடக் கோண அளவுள்ள (ஒரு பாகையில் 12இல் ஒரு பங்கு) கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள், அப்படி ஒரு கட்டத்துக்குள் குறைந்தது இரண்டு மணி நேரம் பார்த்தால் முழுப் பட்டியலாக ஏற்பார்கள். வளர்ப்புத்தாய் குயில் குஞ்சுக்கு ஊட்டுவதைக் கண்டால் தேதி, இடம், தாயின் இனம், குஞ்சின் அலகு நிறம், எத்தனை முறை ஊட்டியது என்ற ஐந்தும் இருக்கட்டும். டீடெரிக் கத்துவதை முதலில் கேட்ட நாளை எல்லாரும் எழுதிவிடுவார்கள். கடைசியாகக் கேட்ட நாளையும் எழுதுங்கள். மார்ச்சில் ஒவ்வொரு காலையும் 'இன்றும் கத்தியது', 'இன்று இல்லை' என்று ஒரு வரி போட்டு வந்தால்தான் அந்த நாள் பிடிபடும்.